இலவசம் என்று சொன்னது என் தவறு

அப்பாவின் பதினாறாம் நாள் கருமக்கிரியை சுங்கை பெசாரில் எங்கள் வீட்டு வாசலில் நடந்துகொண்டிருந்தது. பண்டாரம் சொல்லச் சொல்ல நான் எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தேன். சித்தப்பா மகன் என் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து, "அண்ணே, ஆபீஸ்ல இருந்து ஆறாவது தடவையா அடிக்கிறாங்க" என்று காதோரம் சொன்னான்.

எடுத்துப் பேசினேன். ஷா ஆலாமில் எங்கள் நிறுவனத்தின் கணினி வலையமைப்பு படுத்துவிட்டது. கிடங்கில் ஒரு டெலிவரி ஆர்டர்கூட அச்சாகவில்லை. இருபது லோரிகளுக்கு மேல் சரக்கு ஏற்றக் காத்து நின்றன. அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை. தம்பியை என் இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு எழுந்தேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அன்று நடந்ததற்கு அலுவலகத்தில் எல்லாரும் ஒரே காரணம் சொன்னார்கள்: "இலவச மென்பொருளைப் போட்டால் இப்படித்தான் ஆகும்." அது உண்மையல்ல. ஆனால் அந்த எண்ணத்தை அவர்கள் மனத்தில் விதைத்தவன் நானே. திறந்த மூல மென்பொருளைத் தங்கள் நிறுவனத்துக்குக் கொண்டுவர நினைக்கும் இளைஞர்கள் பலர் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். என் தவறு அவர்களுக்காவது பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மதகும் சுவிட்சும்

அப்பா நீர்ப்பாசன வடிகால் இலாகாவில் வேலை செய்தவர். ஊரில் அதை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஜேபிஎஸ் என்றால்தான் தெரியும். பெர்ணம் ஆற்றுத் தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாகத் தெங்கி ஆற்றுக்கு வந்து, அங்கிருந்து கடற்கரைக்கு இணையாக ஓடும் பெரிய வாய்க்காலில் இறங்குகிறது. எங்களுக்கு அது பான் கெனால். அதிலிருந்து பிரியும் தாலி ஆயர்கள் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும். பாரிட்டுகள் மிச்சத் தண்ணீரைக் கடலுக்கு வடிக்கும். தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் என்று சுமார் 20,000 ஹெக்டர் நெல்வயல் இந்த ஏற்பாட்டை நம்பித்தான் ஆண்டுக்கு இரண்டு போகம் விளைகிறது. எங்கள் பக்கத்தில் ஊர்ப் பெயர்களே பாரிட் ஒன்று, பாரிட் இரண்டு என்றுதான் ஓடும். அந்த மதகுகளைத் திறந்து மூடுவதுதான் அப்பாவின் வேலை.

"அப்படி என்னாதான்டா வேலை செய்றே?" என்று ஒரு தீபாவளிக்கு அப்பா கேட்டார். மதகை வைத்தே விளக்கினேன். "ஆபீஸ்ல இருக்கிற கணினி எல்லாம் வயல் மாதிரிப்பா. கேபிள்தான் வாய்க்கால். சுவிட்ச்னு ஒரு பெட்டி இருக்கும், அதுதான் மதகு. எந்தத் தகவல் எந்தப் பக்கம் போகணும்னு அது பிரிச்சுவிடும். அந்தப் பெட்டியை ஓட்டறதுக்கு உள்ளே ஒரு மென்பொருள் இருக்கும். அதைப் பார்த்துக்கிறதுதான் என் வேலை."

அந்த மென்பொருளுக்குத்தான் வலையமைப்பு இயங்குதளம் என்று பெயர். பல்லாண்டுக் காலமாகப் பெட்டியும் மென்பொருளும் ஒரே நிறுவனத்திலிருந்து, பிரிக்க முடியாதபடி ஒட்டியே வந்தன. பெட்டியை வாங்கினால் அவர்களுடைய மென்பொருள், அவர்களுடைய உரிமக் கட்டணம், அவர்களுடைய ஆதரவு ஒப்பந்தம். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. பெட்டியை ஓரிடத்தில் வாங்கி, மென்பொருளை வேறிடத்திலிருந்து போடலாம். அந்த மென்பொருளின் மூல நிரல் யாரும் படித்துப் பார்க்கும்படி திறந்தே இருக்கலாம். இவற்றுள் பெயர் பெற்றது சோனிக். மைக்ரோசாப்ட் தன் அசூர் தரவு மையங்களுக்காக உருவாக்கி, 2016இல் உலகுக்குத் திறந்துவிட்டது. 2022 முதல் அது லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற பொது அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "கைப்பிடி யாருகிட்ட இருக்கும்?"

மதகைச் சுற்றித் திறக்கும் இரும்புக் கைப்பிடியைச் சொன்னார். "என்கிட்டதாம்பா" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அப்பா தலையாட்டிக்கொண்டார். அவர் வேலை செய்த காலத்தில் ஒரு கைப்பிடி அவரிடம் இருக்கும், இன்னொன்று கூட வேலை செய்த மலாய்க்காரரிடம் இருக்கும். அவர் கேட்டதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

கூட்டத்தில் சொன்ன ஒரு சொல்

எங்கள் நிறுவனத்தில் பழைய சுவிட்சுகளின் ஆதரவு ஒப்பந்தம் முடியும் ஆண்டு அது. புதுப்பிக்க வந்த விலைப்பட்டியலைப் பார்த்து நிதிப் பிரிவு மலைத்துப் போனது. அந்தக் கூட்டத்தில் நான் சோனிக் பற்றிப் பேசினேன். ஏற்கெனவே வீட்டில் சோதித்துப் பார்த்திருந்தேன், நன்றாக ஓடியது. எவ்வளவு செலவாகும் என்று முதலாளி கேட்டார். "மென்பொருள் இலவசம்" என்றேன்.

அதன் பிறகு அந்த அறையில் வேறு எதுவும் யார் காதிலும் விழவில்லை.

முதலாளி மூன்று கேள்விகள் கேட்டார், உண்மைதான். நிரல் எல்லாருக்கும் தெரியும் என்றால் எவனும் உள்ளே நுழைந்துவிட மாட்டானா? கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது? இதெல்லாம் மைக்ரோசாப்ட் மாதிரி பெரிய இடங்களுக்குத்தானே, நமக்கு எதற்கு? ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடத்தில் பதில் சொன்னேன். "பாதுகாப்பானது. நான் இருக்கிறேன். நம்மாலும் முடியும்." உரிமக் கட்டணத்துக்கு ஒதுக்கியிருந்த பணம் அப்படியே வேறு செலவுக்குப் போனது. பயிற்சிக்கோ, உபரிக் கருவிக்கோ, இன்னொரு ஆளுக்கோ ஒரு ரிங்கிட்கூட ஒதுக்கப்படவில்லை. இலவசம் என்று சொன்ன பிறகு நான் எந்த முகத்தோடு கேட்பேன்?

ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் பழையது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்த நாளிலிருந்தே, தான் பேசுவது விலையைப் பற்றியல்ல, பயன்படுத்துவோரின் சுதந்திரத்தைப் பற்றி என்று விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்தான். தமிழில் நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கட்டற்ற மென்பொருள் என்று நம்மவர்கள் அழகாகப் பெயரும் வைத்துவிட்டார்கள். யாரும் நம்மைக் கட்டிப்போடவில்லை. அதனால் நம்மைத் தாங்கிப் பிடிக்கும் பொறுப்பும் நம்முடையதே. அந்த இரண்டாவது பாதியை நான் கூட்டத்தில் சொல்லவில்லை.

மருத்துவமனை நடைபாதை

ஒன்றரை ஆண்டுகள் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். மருத்துவமனையில் மூன்றாம் நாள் இரவு, கிடங்கு மேலாளர் அழைத்தார். புதிதாக வைத்த கணினிகள் சர்வரோடு சேரவில்லை, காலையில் வேலை தொடங்க வேண்டும் என்றார். நடைபாதையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். பத்து நிமிட வேலைதான். சர்வரையும் கிடங்கையும் சுவிட்சில் ஒரு புதிய பிரிவுக்கு மாற்றினேன். வெளியிலிருந்து நான் உள்ளே நுழையும் வழியையும் அந்தப் பிரிவுக்கே கொண்டுபோனேன். "எல்லாம் ஓடுகிறது" என்று மேலாளர் செய்தி அனுப்பினார். அந்த நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து "வாரிஸ்!" என்று நெருங்கிய உறவினரைக் கூப்பிட்டார். மடிக்கணினியை மூடிவிட்டு ஓடினேன்.

இரண்டு நாள் கழித்து அப்பா இறந்தார்.

பதினாறாம் நாள் காலை ஷா ஆலாம் அலுவலகத்தில் மின்சாரம் தடைப்பட்டது. யுபிஎஸ் பேட்டரி பழையது. சில நிமிடங்களில் சுவிட்ச் அணைந்தது. மின்சாரம் வந்ததும் சுவிட்சும் எழுந்தது. ஆனால் சர்வரும் கிடங்கும் ஒன்றையொன்று காணவில்லை. என்னாலும் வெளியிலிருந்து உள்ளே நுழைய முடியவில்லை.

அங்கே இருந்தவர் 24 வயது மலாய் இளைஞர். நல்ல திறமைசாலி. ஆனால் அவருக்குப் பழகியது பழைய நிறுவனத்தின் கட்டளைகள். சுவிட்சில் கேபிளை நேரடியாக மாட்டி மடிக்கணினியில் பார்த்தபோது, திரையில் லினக்ஸ் கேட்ட பயனர் பெயருக்கு என்ன போடுவது என்றுகூட அவருக்குத் தெரியாது. கடவுச்சொல் என் தலைக்குள் மட்டும் இருந்தது. வீட்டுக் கொல்லைப்புறத்தில், ஈர வேட்டியோடு நின்று, ஒவ்வோர் எழுத்தாக நான் சொல்ல அவர் தட்டினார். முதலில் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அடுத்து, தவறான மென்பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ என்று பயந்தேன். ஒரு மணி நேரம் போனது. கடைசியாக எப்போது மாற்றம் செய்தோம் என்று யோசித்தபோதுதான் அந்த நடைபாதையும் "வாரிஸ்" என்ற குரலும் நினைவுக்கு வந்தன.

நான் சேமிக்கவில்லை. சோனிக்கில் நாம் செய்யும் மாற்றம் உடனே நடைமுறைக்கு வந்துவிடும். ஆனால் சேமிக்கும் கட்டளையைக் கொடுத்தால்தான் அது கோப்பில் எழுதப்படும். இல்லாவிட்டால் கரும்பலகையில் எழுதியது போலத்தான்; சுவிட்ச் அணைந்து எழுந்தால் அழிந்துவிடும். பழைய நிறுவனத்தின் சுவிட்சிலும் இதே கதைதான், அங்கேயும் சேமிக்க மறந்தால் போய்விடும். ஆகவே மென்பொருள் திறந்த மூலமா மூடியதா என்பதற்கும் அன்றைய கோளாற்றுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பழைய ஏற்பாட்டில் அந்த இளைஞர் ஒப்பந்தத்தில் இருக்கும் ஓர் எண்ணை அழைத்திருப்பார். புதிய ஏற்பாட்டில் அந்த எண் என்னுடையதாக இருந்தது.

பிரச்சினை தீர்ந்து வாசலுக்கு வந்தபோது கிரியை முடிந்திருந்தது. இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்று கேள்விகள், மீண்டும்

வேலைக்குத் திரும்பியதும் கூட்டம் கூட்டினார்கள். எல்லாவற்றையும் தூக்கிவிட்டுப் பழையதையே போட்டுவிடலாம் என்பதுதான் பேச்சு. சேமிக்காதது என் தவறு என்று ஒப்புக்கொண்டேன். முதலாளியின் மூன்று கேள்விகளுக்கும் மறுபடி பதில் சொல்ல நேரம் கேட்டேன். இம்முறை அரை நிமிடப் பதில்கள் அல்ல.

முதலாவது, பாதுகாப்பு. நிரல் திறந்திருப்பதால் கதவு திறந்திருப்பதாகப் பொருளில்லை. பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று ஊருக்கே தெரிந்தாலும் சாவி நம்மிடம்தான். மூடிய மென்பொருள் மட்டும் தப்பிவிடுகிறதா? 2023 அக்டோபரில் சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்இ மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகப் பல்லாயிரம் கருவிகளுக்குள் ஊடுருவினார்கள்.

ஆனால் திறந்திருந்தாலே பாதுகாப்பு என்பதும் மூடநம்பிக்கைதான். லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு கருவியில், 2024இல் யாரோ ஒரு கள்ள வழியை வைத்துவிட்டார்கள். மைக்ரோசாப்டில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்து, தோண்டிப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். நிரல் திறந்திருந்ததால்தான் வெளியாள் ஒருவரால் அதைத் தோண்ட முடிந்தது. ஆனால் அந்தக் கள்ளம் நுழைந்தது எப்படி? அந்தக் கருவியை ஓய்வு நேரத்தில் ஏறத்தாழ ஒரே ஆள்தான் பராமரித்து வந்தார். களைத்துப்போயிருந்த அவருக்கு உதவுவதுபோல் ஒருவர் வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பழகி நம்பிக்கை பெற்று உள்ளே நுழைந்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கள் அலுவலகத்திலும் ஒரே ஆள்தானே.

இரண்டாவது, யாரைக் கூப்பிடுவது? திறந்த மூலம் என்றால் கேட்க நாதியில்லை என்று பலர் நினைக்கிறார்கள். டெல் போன்ற நிறுவனங்கள் சோனிக்கைக் கட்டண ஆதரவோடு விற்கின்றன. வேண்டாம் என்றால் நம் ஆட்களைப் பயிற்றுவிக்கலாம். இரண்டில் ஒன்றுக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும். நான் இரண்டுக்கும் கொடுக்காமல் ஓட்டினேன்.

அதேபோல, பெரிய நிறுவனத்தின் கையில் இருப்பது எப்போதும் இருக்கும் என்பதும் உறுதியில்லை. வியாட்டா என்ற நிறுவனம் கட்டற்ற ரூட்டர் மென்பொருள் ஒன்றை வெளியிட்டு வந்தது. வியாட்டா என்றால் சமஸ்கிருதத்தில் 'திறந்தது' என்று பொருள். 2012இல் அதைப் புரோகேட் என்ற நிறுவனம் வாங்கியது. கட்டற்ற பதிப்பு கைவிடப்பட்டது. மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் பயனர்கள் கதி அவ்வளவுதான். நிரல் திறந்திருந்ததால் அதை எடுத்து 2013இல் வைஒஎஸ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். இன்றும் அது ஓடுகிறது. அதன் நிலையான பதிப்பையும் ஆதரவையும் கட்டணம் வாங்கித்தான் தருகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, இது பெரிய இடங்களுக்கு மட்டும்தானா? நம்மில் பலர் அறியாமலே இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். வீட்டு வைஃபை ரூட்டர்கள் பலவற்றுக்குள் இருப்பது லினக்ஸ்தான். விலை உயர்ந்த அரிஸ்டா சுவிட்சுகளின் இயங்குதளமும் லினக்ஸ் மேல் கட்டப்பட்டதே. ஆனால் மைக்ரோசாப்ட்டுக்கு முடிந்ததெல்லாம் நமக்கும் முடியும் என்று நான் மார்தட்டியது தவறு. சோனிக் தரவு மையங்களுக்காகப் பிறந்தது. பத்துக் கணினிகள் இருக்கும் கிளை அலுவலகத்துக்கு அது பொருந்தாத சட்டை. எந்தப் பெட்டியில் வேண்டுமானாலும் போட்டுவிடவும் முடியாது. அதன் சில்லு ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். கேபிள் முனையில் செருகும் சிறு ஒளிவாங்கியைக்கூடச் சோதித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

இரண்டாவது கைப்பிடி

நம் அரசாங்கம் இதை முன்பே அறிந்திருந்தது. 2004இல் மாம்பு என்னும் அரசு நிர்வாக நவீனமயப் பிரிவு, பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. பதிவிறக்கிக்கொள்ளுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பியதோடு நிற்கவில்லை. திறந்த மூலத் திறன் மையம் ஒன்றையும் அமைத்து, இலாகாக்களுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் கிடைக்க வழி செய்தது. மென்பொருளை மாற்றுவதற்கு ஆள் பலமும் வேண்டும் என்பது அந்தத் திட்டத்திலேயே இருந்தது. நான் அதைப் பற்றி மாணவனாக இருந்தபோதே படித்திருக்கிறேன். படித்ததும் மறந்துவிட்டேன்.

முதலாளி கடைசியில் தூக்கி எறியச் சொல்லவில்லை. கணக்கை மறுபடி போட்டோம். இம்முறை உரிமக் கட்டணம் என்ற வரிக்குப் பக்கத்தில் பயிற்சி, உபரி சுவிட்ச், கட்டண ஆதரவு, புதிய பேட்டரி என்று நான்கு வரிகள் சேர்ந்தன. முதல் ஆண்டில் மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன். "அப்படியானால் எதற்கு இது?" என்று நிதி மேலாளர் கேட்டார். அடுத்த முறை பெட்டி வாங்கும்போது நாலு கடையில் விலை கேட்கலாம், ஒரே நிறுவனம் சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை, பணம் வெளியே போகாமல் நம் ஆட்களின் அறிவாக இங்கேயே தங்கும் என்றேன். கிளைகளில் பழைய கருவிகளையே விட்டுவிட்டோம். தலைமையகத்தில் மட்டும் சோனிக் தொடர்கிறது.

அந்த மலாய் இளைஞர் இப்போது என்னைவிட நன்றாக அதைக் கையாளுகிறார். ஒவ்வொரு மாற்றமும் எழுதிவைக்கப்படுகிறது. அமைப்புக் கோப்புகளின் நகல் வேறொரு கணினியில் தினமும் சேர்கிறது. கடவுச்சொற்கள் யார் தலைக்குள்ளும் இல்லை. மூடி முத்திரையிட்ட உறை ஒன்று முதலாளியின் பெட்டகத்தில் இருக்கிறது. மாதம் ஒரு முறை, நான் ஊரில் இல்லை என்று வைத்துக்கொண்டு ஒரு சுவிட்சை வேண்டுமென்றே அணைத்து எழுப்பிப் பார்க்கிறோம். முதல் மாதம் இரண்டு இடங்களில் தடுமாறினோம். நல்லதாகப் போயிற்று, அன்றைக்கு யாருடைய வீட்டிலும் கருமக்கிரியை இல்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை கணினித் துறையில் இருக்கலாம். இரவு பகல் பாராமல் தொலைபேசியும் கையுமாக இருக்கிறான், அவன் இல்லாவிட்டால் அலுவலகமே நின்றுவிடுமாம் என்று உங்களுக்குப் பெருமையாகவும் இருக்கலாம். எனக்கும் இருந்தது. அவனிடம் அப்பா கேட்ட கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இன்னொரு கைப்பிடி யாரிடம் இருக்கிறது?

அப்பாவின் ஓராண்டு நினைவு நாளுக்கு ஊருக்குப் போயிருந்தேன். படையல் போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒரு முறை அடித்து நின்றது. சாப்பிட்டு முடித்த பிறகே எடுத்துப் பார்த்தேன். இரவோடு இரவாக ஒரு சுவிட்சை மாற்றிவிட்டதாக அந்த இளைஞர் செய்தி அனுப்பியிருந்தார். தகவல்தான், என்னிடம் கேட்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.

"ஆபீஸா?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாம்மா. ஒண்ணும் இல்ல" என்றேன். அம்மா எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார்.